தாழ்மையுடன் கேட்டுக்கொள்ள வேண்டியதில்லை

1912-ம் ஆண்டு பிப்ரவரி 9-ம் தேதி, திருவல்லிக்கேணியில் குடியிருந்த 24 வயது இளைஞர் ஒருவர் சென்னைத் துறைமுகக் கழகத்தின் தலைமைக் கணக்கருக்கு ஒரு விண்ணப்பம் எழுதினார். அலுவலகத்தில் ஓர் எழுத்தர் இடம் காலி என்று கேள்விப்பட்டேன், மெட்ரிகுலேஷன் தேறியவன், எஃப்.ஏ. (அன்றைய கல்லூரி இடைநிலைப் படிப்பு) வரை படித்தேன், சூழ்நிலையால் தொடர முடியவில்லை; நேரம் முழுவதையும் கணிதத்துக்கே கொடுத்து வருகிறேன்; வேலை கொடுத்தால் ஒழுங்காகச் செய்வேன். சாரம் அவ்வளவுதான். மாநிலக் கல்லூரிக் கணிதப் பேராசிரியர் மிடில்மாஸ்ட் எழுதித் தந்த பரிந்துரையும் கூடச் சென்றது. மார்ச் 1-ம் தேதி வேலையில் சேர்ந்தாயிற்று. சம்பளம் மாதம் 30 ரூபாய்.

அதே இளைஞர் அடுத்த ஆண்டு ஜனவரி 16-ம் தேதி இன்னொரு கடிதம் எழுதினார். இது கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஜி. எச். ஹார்டிக்கு. துறைமுகக் கழகக் கணக்குப் பிரிவில் எழுத்தராக இருக்கிறேன், பல்கலைக்கழகப் படிப்பு இல்லை என்று முதல் சில வரிகளிலேயே தன் நிலையைச் சொல்லிவிட்டு, பக்கம் பக்கமாகத் தான் கண்டடைந்த தேற்றங்களை இணைத்திருந்தார். அந்தக் கடிதத்தின் விளைவு உலகத்துக்கே தெரியும். எழுதியவர் சீனிவாச ராமானுஜன்.

முதல் கடிதம் வேலையைக் கேட்டது. இரண்டாவது வேலையைக் காட்டியது. விண்ணப்பக் கடிதம் எப்படி எழுதுவது, தன்விவரக் குறிப்பில் எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்று நூறாண்டாக எழுதப்பட்டுவரும் அறிவுரைகளை ஒன்றாக அடுக்கிப் பார்த்தால், பெரும்பாலானவை இந்த இரண்டு கடிதங்களுக்கும் இடையிலுள்ள தூரத்தைப் பற்றியவைதான்.

மனுவின் நிழல்

'விண்ணப்பம்' என்ற சொல்லின் வேர் வடமொழியில் 'அறியச் செய்தல்' என்ற பொருளுடையது. ஆனால் கோயிலிலும் அரசவையிலும் பழகிப் பழகி, தமிழில் அது குறை சொல்லிக் கைகட்டி நிற்பதாகிவிட்டது. காலனி ஆட்சியின் அலுவலக முறை அதற்கு ஒரு வார்ப்பையும் கொடுத்தது. அனுப்புநர், பெறுநர், பொருள், 'மதிப்பிற்குரிய ஐயா', நடுவில் 'தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்', கடைசியில் 'தங்கள் உண்மையுள்ள'. பள்ளியில் விடுப்புக் கடிதத்துக்குக் கற்ற இதே அச்சில்தான் நம்மில் பலர் முதல் வேலைக் கடிதத்தையும் வார்த்தோம். அதில் பணிவு இருக்கும். குடும்ப நிலைமை இருக்கும். வாய்ப்பளித்தால் நன்றியோடு இருப்பேன் என்ற உறுதிமொழி இருக்கும். என்ன செய்யத் தெரியும் என்பது மட்டும் இருக்காது.

'பயோடேட்டா'வின் கதையும் இதே போன்றதுதான். ஸ்டேஷனரிக் கடையில் அச்சடித்தே விற்ற அந்தத் தாளில் தந்தை பெயர், பிறந்த தேதி, மதம், சாதி, திருமணமானவரா, தெரிந்த மொழிகள் எல்லாவற்றுக்கும் கோடு போட்டிருக்கும். செய்த வேலைக்குத்தான் இடம் குறைவு. ஆளை அடையாளம் காட்டும் தாள் அது. ஆளின் திறனைக் காட்டும் தாள் அல்ல. பின்னால் வந்த ரெஸ்யூமும் சி.வி.யும் வேறு நோக்கம் கொண்டவை. ரெஸ்யூம் என்பது ஒரு குறிப்பிட்ட வேலைக்காக வடிகட்டிய ஓரிரு பக்கச் சுருக்கம். சி.வி. என்பது படிப்பு, பணி, வெளியீடு அனைத்தையும் வரிசையாகக் கொண்ட முழுப் பதிவு. கல்வி, ஆராய்ச்சி வட்டாரத்தில் அது பல பக்கம் நீளும். நம் ஊரில் மூன்று சொல்லையும் ஒன்றுக்கொன்று மாற்றிச் சொல்கிறோம். அதனால் பெரிய கேடில்லை. ஆனால் மூன்றின் நோக்கத்தையும் கலந்துவிடும்போதுதான் காரியம் கெடுகிறது.

எல்லா வேலைக்கும் கடிதம் தேவைப்படுவதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். டி.என்.பி.எஸ்.சி. தேர்வுக்கு ஒருமுறைப் பதிவும் இணையப் படிவமும் போதும். அங்கே மதிப்பெண்தான் பேசும். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பேசியது பதிவு மூப்பு. கடிதமும் குறிப்பும் எடை பெறுவது தனியார் நிறுவனம், கல்லூரி, ஆராய்ச்சி மையம், தொண்டு அமைப்பு, வெளிநாட்டு வேலை போன்ற இடங்களில். அதாவது தேர்வுத்தாளுக்குப் பதிலாக ஒரு மனிதரின் தீர்ப்பு இருக்கும் இடங்களில்.

படிப்பவர் என்ன செய்கிறார்?

அந்த மனிதர் எவ்வளவு நேரம் படிக்கிறார்? பயிற்சி வகுப்புகளில் அடிக்கடி கேட்கும் விடை 'ஆறு விநாடி'. இதற்கு ஆதாரம், 'தி லேடர்ஸ்' என்ற அமெரிக்க வேலைத்தளம் 2012-ல் 30 ஆளெடுப்பாளர்களின் கண்ணசைவைப் பதிவுசெய்து வெளியிட்ட ஆய்வு. 2018-ல் அதே நிறுவனம் 7.4 விநாடி என்றது. ஆய்வுக்கு உட்பட்டவர்கள் மிகச் சிலரே. நடத்தியதும் இந்தத் தொழிலிலேயே உள்ள நிறுவனம். ஆகவே விநாடிக் கணக்கை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். முதல் பார்வை படிப்பு அல்ல, மேய்ச்சல் என்ற அளவுக்கு எடுத்துக்கொள்ளலாம். பெயர், இப்போதைய வேலை, முந்தைய வேலை, தேதிகள், படிப்பு ஆகிய சில இடங்களில் மட்டும் கண் நிற்கிறது. நிற்கும் இடத்தில் சரக்கு இருந்தால்தான் இரண்டாம் படிப்பு.

மனிதருக்கு முன்னால் இப்போது இயந்திரமும் படிக்கிறது. பெரிய நிறுவனங்கள் வரும் விண்ணப்பங்களை ஒரு மென்பொருளில் கொட்டி, சொற்களை வைத்துத் தேடுகின்றன. நான்கில் மூன்று விண்ணப்பத்தை இந்த மென்பொருளே கழித்துவிடுகிறது என்று பரவலாகச் சொல்லப்படும் கணக்குக்கு நம்பத்தக்க ஆய்வு அடிப்படை இல்லை. இருந்தாலும் இயந்திரத்தின் மந்தபுத்தியை மதித்துத்தான் ஆக வேண்டும். இரண்டு பத்தியாகப் பிரித்த பக்கம், கட்டங்களுக்குள் அடைத்த விவரம், படமாக ஒட்டிய எழுத்து ஆகியவற்றில் அது தடுமாறலாம். விளம்பரத்தில் 'டேலி பிரைம்' என்று கேட்டிருக்க, 'கணக்கு மென்பொருள் தெரியும்' என்று எழுதினால் இரண்டும் ஒன்று என்று அதற்குப் புரியாமல் போகலாம். விளம்பரத்தின் சொல்லையே, அது உண்மையாக இருக்குமானால், எடுத்தாள்வது தவறில்லை. வெள்ளைத் தாளில் வெள்ளை எழுத்தாகச் சொற்களை ஒளித்துவைக்கும் தந்திரம் மட்டும் வேண்டாம். கோப்பைத் திறந்து தேர்ந்தெடுத்தால் வெளிச்சத்துக்கு வந்துவிடும்.

இயந்திரம் நடுநிலையானது என்றும் எண்ணிவிட முடியாது. அமேசான் நிறுவனம் 2014 முதல் உருவாக்கிவந்த ஒரு தேர்வு மென்பொருள், பத்தாண்டு விண்ணப்பங்களைப் பார்த்துக் கற்றுக்கொண்டது. அவற்றை அனுப்பியவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். விளைவாக, 'பெண்கள்' என்ற சொல் வரும் குறிப்புகளுக்கு அது மதிப்பைக் குறைத்தது. திட்டம் கைவிடப்பட்ட கதையை 2018-ல் ராய்ட்டர்ஸ் வெளியிட்டது.

கடிதத்தின் வேலை

கடிதம் குறிப்பின் நகல் அல்ல. குறிப்பில் இருப்பதையே வாக்கியமாக்கிச் சொன்னால் அந்தப் பக்கம் வீண். கடிதம் மூன்று கேள்விக்குப் பதில் சொன்னால் போதும்: ஏன் இந்த வேலை, ஏன் இந்த இடம், என்னை நம்ப என்ன ஆதாரம்?

முதல் இரண்டுக்கும் விடை தேட வேண்டிய இடம் நம் நெஞ்சம் அல்ல, அவர்களுடைய தேவை. இதற்குப் பழைய, நேர்த்தியான முன்மாதிரி ஒன்று உண்டு. 1480-களின் தொடக்கத்தில் லியனார்டோ டா வின்சி மிலான் ஆட்சியாளர் லுடோவிகோ ஸ்ஃபோர்சாவுக்கு எழுதிய கடிதத்தின் வரைவு பாதுகாக்கப்பட்டிருக்கிறது. எளிதில் தூக்கிச் செல்லும் பாலம், முற்றுகைக் கருவி, சுரங்கப்பாதை, கவச வண்டி என்று எண்ணிட்டு அடுக்குகிறார். அமைதிக் காலத்துக்குக் கட்டடக் கலை. கடைசியில்தான் சிற்பமும் ஓவியமும். உலகம் அவரை நினைவில் வைத்திருப்பது எதற்காகவோ, அதற்குக் கடிதத்தில் கிடைத்தது வால் இடம். போர் மேகம் சூழ்ந்த ஓர் அரசனுக்கு அன்று எது வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

நமக்கு நெருங்கிய எடுத்துக்காட்டாக, திருப்பூரில் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தின் கணக்குப் பிரிவுக்கு ஆள் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பி.காம். முடித்து, ஈரோட்டில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் இரண்டு வருடம் கணக்கு எழுதிய பெண் ஒருவர் விண்ணப்பிக்கிறார். வழக்கமான கடிதம் இப்படி இருக்கும்: 'நான் கடின உழைப்பாளி. நேர்மையானவள். புதியவற்றைக் கற்கும் ஆர்வம் உள்ளவள். எனக்கு ஒரு வாய்ப்பளித்தால் தங்கள் நிறுவனத்தின் வளர்ச்சிக்குப் பாடுபடுவேன்.' இதில் ஒரு வரிகூடப் பொய்யில்லை. ஒரு வரிகூட அவருக்கு மட்டுமே உரியதும் இல்லை. பெயரை அழித்துவிட்டு வேறு யார் பெயரையும் போடலாம்.

அதே பெண் இப்படி எழுதலாம்: 'இரண்டு வருடமாக நாள்தோறும் சுமார் 60 பில்களை டேலியில் ஏற்றி, மாதந்தோறும் 11-ம் தேதிக்குள் ஜி.எஸ்.டி.ஆர்.-1 தாக்கலுக்குக் கணக்கை ஒப்படைத்து வருகிறேன். பார்ட்டிகளின் பாக்கியை வாரவாரம் பட்டியல் போட்டு முதலாளியிடம் கொடுக்கும் வழக்கத்தைத் தொடங்கினேன். ஆறு மாதத்துக்கு மேல் நின்ற பாக்கிகள் பெரும்பகுதி வசூலாயின. ஏற்றுமதிக் கணக்கில் இன்னும் வேலை செய்ததில்லை, அதன் ஜி.எஸ்.டி. ரீஃபண்ட் நடைமுறையை இப்போது படித்துவருகிறேன்.' உழைப்பாளி என்ற சொல் இதில் இல்லை. ஆனால் படிப்பவர் மனத்தில் அந்தச் சொல் தானே எழும். தெரியாததைத் தெரியாது என்று சொன்ன வரி, தெரியும் என்று சொன்ன வரிகளுக்கு ஜாமீன் நிற்கிறது.

நீளம் ஒரு பக்கத்துக்குள். பெறுபவரின் பெயர் தெரிந்தால் பெயரிட்டு. தெரியாவிட்டால் பதவியைக் குறிப்பிட்டு. மின்னஞ்சலில் போனால் எந்த வேலைக்கு என்பதும் பெயரும் தலைப்பு வரியிலேயே. 'ரெஸ்யூம் ஃபைனல் நியூ 2' என்ற கோப்புப் பெயர், கல்லூரி நாளில் விளையாட்டாக வைத்த மின்னஞ்சல் முகவரி, சிம்மை மாற்றிய பிறகும் திருத்தப்படாத செல்பேசி எண் எல்லாம் அற்ப விஷயங்கள். அழைப்பு வராமல் போவதும் அற்ப விஷயங்களால்தான்.

பிழைகளும் அப்படித்தான். இணையவழி வேலைச் சந்தை ஒன்றில் ஏறத்தாழ ஐந்து லட்சம் பேரை வைத்து நடந்த சோதனையின் முடிவு 2023-ல் வெளியானது. எழுத்துப்பிழை, இலக்கணப்பிழை திருத்தும் மென்பொருளின் உதவி கிடைத்தவர்கள், கிடைக்காதவர்களைவிடச் சுமார் 8 சதவீதம் கூடுதலாக வேலை பெற்றார்கள். அவர்களுடைய திறன் மாறவில்லை. அவர்கள் எழுதியதைப் படிப்பது எளிதாயிற்று.

குறிப்பில் எது, எங்கே

சமீபத்திய வேலை மேலே, பழையது கீழே. இது உலகமெங்கும் நிலைத்துவிட்ட ஒழுங்கு. புதிதாகப் படித்து வந்தவருக்குப் படிப்பு மேலே வரும். ஐந்து வருடம் வேலை பார்த்தவர் பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணைச் சுமந்துகொண்டு அலைய வேண்டியதில்லை. ஒவ்வொரு வேலைக்கும் கீழே 'பொறுப்புகள்' என்று பதவி விளக்கத்தை நகலெடுப்பதைவிட, நாம் இருந்ததால் என்ன நடந்தது என்பதை இரண்டு மூன்று வரியில் சொல்வது மேல். முதல் வரியாக நிற்கும் 'சவாலான சூழலில் என் திறமைகளைப் பயன்படுத்தி' எனத் தொடங்கும் லட்சிய வாசகத்தை எடுத்துவிடலாம். 'தமிழ் 90 சதவீதம், தலைமைப் பண்பு 80 சதவீதம்' என்று நிறப்பட்டை வரைவதும் வேண்டாம். மீதி 20 சதவீதம் எங்கே போயிற்று என்று யாராவது கேட்டால் பதில் இல்லை.

இடைவெளி பலருக்கு உறுத்தும். பிரசவம், பெற்றோரின் நோய், போட்டித் தேர்வுக்குப் படித்த இரண்டு வருடம் எதுவானாலும் மறைத்தால் ஓட்டையாகத் தெரியும். ஒரு வரியில் சொன்னால் தகவலாகிவிடும். நீண்ட இடைவெளி அழைப்பைக் குறைக்கும் என்பது உண்மைதான். அமெரிக்காவின் 100 நகரங்களில் சுமார் 12,000 போலிக் குறிப்புகளை அனுப்பி நடத்திய ஆய்வு 2013-ல் வெளிவந்தது. வேலையின்றி இருக்கும் காலம் நீள நீள அழைப்புகள் குறைந்தன. முதல் எட்டு மாதத்தில்தான் சரிவு மிகுதி. ஆகவே இடைவெளியிலும் செய்த சிறு வேலை, கற்ற படிப்பு, பகுதிநேரக் கணக்கு எதையும் விடாமல் குறிப்பது நல்லது.

நாட்டுக்கு நாடு மரபும் மாறும். அமெரிக்காவில் படம், வயது, மணநிலை எதுவும் கூடாது. பாகுபாட்டுக்கு எதிரான சட்டங்களின் காரணமாக, அவற்றைப் பார்க்கவே நிறுவனங்கள் தயங்கும். ஜெர்மனியில் படம் ஒட்டுவது நெடுநாள் வழக்கம்; 2006-ல் சமநடத்தைச் சட்டம் வந்தபின் நிறுவனங்கள் அதைக் கேட்டுப் பெறுவதைத் தவிர்க்கின்றன. ஜப்பானில் 'ரிரெகிஷோ' என்ற வரையறுத்த படிவம். இலங்கையில் உறவினர் அல்லாத இருவரின் பெயரை அடியில் தருவது வழக்கம். எந்த நாட்டுக்கு அனுப்புகிறோமோ அந்த நாட்டு மரபுக்கு மாற வேண்டும்.

தமிழருக்கென்றே ஒரு தனிச் சிக்கல் உண்டு: இனிஷியல். இணையப் படிவம் முதல்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு கட்டம் காட்டும். நம்மிடம் இருப்பது ஒரு பெயரும் அப்பாவின் முதலெழுத்தும். சிலர் அப்பா பெயரை விரித்து எழுதுவார்கள், சிலர் எழுத்தை மட்டும் போடுவார்கள், சிலர் தம் பெயரையே இரு முறை. மதிப்பெண் பட்டியலில் ஒன்று, ஆதாரில் ஒன்று, பாஸ்போர்ட்டில் ஒன்று என்று ஆகிவிட்டால், வேலை கிடைத்த பிறகு நடக்கும் சான்று சரிபார்ப்பில் வாரக்கணக்கில் அலைய நேரும். ஒரு வடிவத்தை முடிவுசெய்து, முடிந்தவரை பாஸ்போர்ட்டில் உள்ளதையே எல்லா இடத்திலும் எழுதுவதுதான் வழி.

எழுத்துக்கு எட்டாதவை

அந்த இனிஷியலுக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. 1929-ல் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாகாண மாநாடு, பெயருக்குப் பின் சாதிப் பட்டம் போடுவதைக் கைவிடத் தீர்மானித்தது. குடும்பப்பெயர்க் கட்டத்தில் இன்று நாம் தடுமாறுவது அந்த முடிவின் தொலைதூர விளைவு. அதன் அருமை தெரிய வேண்டுமானால் சில ஆய்வுகளைப் பார்க்க வேண்டும்.

ஆய்வாளர்கள் சுகதேவ் தோரட்டும் பால் அட்டவெலும் இந்திய ஆங்கில நாளிதழ்களில் வந்த 548 வேலை விளம்பரங்களுக்கு 4,808 விண்ணப்பங்களை அனுப்பினார்கள். தகுதி ஒன்றே, பெயர் மட்டும் வேறு. முடிவு 2007-ல் 'எகனாமிக் அண்ட் பொலிடிகல் வீக்லி'யில் வந்தது. மேல்சாதி இந்துப் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பை 1 என்று கொண்டால், தலித் பெயருக்கு 0.67, முஸ்லிம் பெயருக்கு 0.33. டெல்லி வட்டாரத்தில் நடந்து 2009-ல் வெளிவந்த இன்னொரு ஆய்வு, மென்பொருள் வேலைகளில் சாதிப் பெயரால் பெரிய வேறுபாடு இல்லை என்றும், கால் சென்டர் வேலைகளில் இருந்தது என்றும் கண்டது. திறனை நேரே அளக்கக்கூடிய வேலையில் பாகுபாடு சுருங்குகிறது என்று இதைப் படிக்கலாம். பாஸ்டனிலும் சிகாகோவிலும் சுமார் 5,000 குறிப்புகளை அனுப்பிய 2004-ம் ஆண்டு ஆய்வில், வெள்ளையர் பெயருக்குப் பத்து விண்ணப்பத்துக்கு ஓர் அழைப்பு. கறுப்பர் பெயருக்குப் பதினைந்துக்கு ஒன்று.

பெயரை மறைத்துவிட்டால்? பிரான்ஸ் 2009-10-ல் பெயரில்லாக் குறிப்புகளைச் சோதித்தது. எதிர்பாராத விதமாக, குடியேறிய குடும்பத்தினருக்கு அது பாதகமாக முடிந்தது. சோதனைக்கு முன்வந்த நிறுவனங்கள் ஏற்கெனவே நல்லெண்ணம் உள்ளவை; பெயர் தெரிந்தபோது ஒரு குறையைச் சூழ்நிலையோடு சேர்த்துப் பார்த்தவர்கள், பெயர் மறைந்ததும் குறையை மட்டும் பார்த்தார்கள். எழுதுபவரின் கையில் உள்ளது குறைவு. மதம், சாதி, அப்பாவின் தொழில் ஆகியவற்றைக் கேட்காத இடத்தில் தராமல் இருக்கலாம். மீதியைச் சரிசெய்ய வேண்டியது மறுபக்கம்.

இன்னொரு பழைய உண்மை சிபாரிசு. அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் பாஸ்டனுக்கு அருகே நியூட்டன் நகரில் ஆராய்ந்தபோது, பாதிக்கு மேற்பட்டோர் தெரிந்தவர் மூலமே வேலை பெற்றிருந்தார்கள். அதிலும் நெருங்கிய நண்பரைவிட எப்போதாவது பார்க்கும் அறிமுகங்களே உதவினார்கள். ராமானுஜனுக்கும் துறைமுகக் கழகத்தில் கணிதம் அறிந்த நாராயண ஐயர் இருந்தார். ஆனால் 'நம்ம பையன், பார்த்துக்கொள்ளுங்கள்' என்ற சிபாரிசு வேறு, மிடில்மாஸ்ட் எழுதியது வேறு. அவர் எழுதியது கணிதத் திறனைப் பற்றி. முன்னது அழுத்தம், பின்னது சாட்சியம். விண்ணப்பத்தில் பரிந்துரையாளரின் பெயரைத் தருவதானால் இரண்டாம் வகையினரைத் தேர்ந்து, முன்கூட்டியே அனுமதி கேட்டுவிட வேண்டும்.

உண்மையும் உதவியும்

'மேற்கண்ட விவரங்கள் யாவும் உண்மை' என்று கையெழுத்திடும் பழைய வழக்கத்தை இப்போது பலர் விட்டுவிட்டார்கள். அதன் பொறுப்பு போய்விடவில்லை. யாஹூ நிறுவனத்தின் தலைமைச் செயல் அதிகாரி ஸ்காட் தாம்சன் 2012 மே மாதம் பதவி விலகினார். அவர் பெற்றது கணக்கியல் பட்டம். குறிப்பில் கணினி அறிவியலும் சேர்ந்திருந்தது. பதவிக்கு வந்து சில மாதம்தான் ஆகியிருந்தது. ராமானுஜன் எஃப்.ஏ.யில் தவறியதைத் 'தொடர முடியவில்லை' என்று மென்மையாக்கினாரே தவிர, இல்லாத பட்டத்தைச் சேர்க்கவில்லை. மென்மையாக்கலுக்கும் பொய்க்கும் நடுவிலுள்ள கோடு அதுதான்.

இப்போது செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் நொடியில் கடிதம் எழுதித் தருகின்றன. பிழை திருத்தவும், வளவளப்பைக் குறைக்கவும், தமிழில் யோசித்ததை ஆங்கிலத்தில் தரவும் அவை நல்ல துணை. ஆங்கிலம் வராததால் பின்தங்கியவருக்கு இது சிறிய நீதியும்கூட. ஆனால் எல்லோரிடமும் ஒரே கருவி இருக்கும்போது, நன்றாக எழுதப்பட்டிருப்பது இனி ஒரு சான்று ஆகாது. 60 பில்லும் 11-ம் தேதியும் வாராந்திரப் பாக்கிப் பட்டியலும் அந்தக் கருவிக்குத் தெரியாது. அவற்றை நாம்தான் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் அது 'கடின உழைப்பாளி' என்பதையே அழகாக எழுதித் தரும்.

ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் முறைகளை ஒப்பிட்டு உளவியலாளர்கள் ஷ்மிட், ஹன்டர் இருவரும் 1998-ல் செய்த தொகுப்பாய்வும் இதே திசையைத்தான் காட்டுகிறது. பிற்காலப் பணித்திறனோடு, வேலையைச் செய்துகாட்டும் மாதிரிக்கு 0.54 அளவு தொடர்பு. பணியாண்டு எண்ணிக்கைக்கு 0.18. 2022-ல் வேறு ஆய்வாளர்கள் திருத்திக் கணக்கிட்டபோது எண்கள் இறங்கின. ஆனால் ஆண்டுக் கணக்கு கீழேயேதான் நின்றது. வடிவமைப்பாளர் வரைந்ததையும், நிரலாளர் எழுதிய நிரலையும், ஆசிரியர் ஒரு பாடக் குறிப்பையும், கணக்கர் பெயர்களை மறைத்த ஒரு பாக்கிப் பட்டியலையும் இணைக்கலாம். எத்தனை வருடம் என்பதைவிட அந்த ஒரு தாள் அதிகம் சொல்லும்.

அப்படி இணைத்தாலும் பதில் வரும் என்று உறுதியில்லை. ஹார்டிக்கு முன்பே கேம்பிரிட்ஜின் கணித அறிஞர்களான பேக்கருக்கும் ஹாப்சனுக்கும் ராமானுஜன் எழுதியிருந்தார். இருவரும் உதவ முன்வரவில்லை. மூன்றாமவரும் முதலில் சந்தேகப்பட்டார். நம்பவைத்தது ராமானுஜனின் பணிவல்ல, இணைத்திருந்த தேற்றங்கள். இப்படிப்பட்டவற்றைக் கற்பனை செய்துவிட முடியாது, உண்மையாகத்தான் இருக்க வேண்டும் என்று ஹார்டி முடிவுக்கு வந்தார். விண்ணப்பம் என்ற சொல்லுக்கு முதலில் இருந்த பொருளை அந்தக் கடிதம் சரியாகச் செய்தது. அது கேட்டுக்கொள்ளவில்லை, அறியச் செய்தது.